லொபெத்தியின் அலையும் கெப்புவின் நாளும்

லொபெத்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவரை வழியனுப்பிய லூபே அத்தை அவர்களே, முதல் வணக்கம் உங்களுக்கு. உங்கள் அண்ணன் மகனைப் பற்றிப் பேச நீங்கள் எனக்கு இடம் தர வேண்டும். போதகர் சாமுவேலா அவர்களே, ஊர் அதிகாரி அவர்களே, அலை அலுவலகத்தின் தலைவர் ஹெனெலி அவர்களே, பெரிய தீவிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் விருந்தினர்களே, லொபெத்தியின் மனைவி, எனக்குத் தங்கை மாதிரியான லவினியா, அவள் பிள்ளைகளே, அடுப்புப் புகைக்குள் நின்று நமக்கெல்லாம் சமைத்துக்கொண்டிருக்கும் தாய்வழிச் சொந்தங்களே, கடைசி வரிசையில் ஈரக் காலோடு நிற்கும் படகுக்காரர்களே! உங்கள் எல்லாருடைய அனுமதியையும் கேட்டுக்கொண்டு பேசுகிறேன். வரிசை தப்பிச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் படிப்பு கிடையாது. படகு ஓட்டத் தெரியும், வலை பின்னத் தெரியும், ஜெபப் புத்தகத்தை மெதுவாக எழுத்துக் கூட்டத் தெரியும். அவ்வளவுதான்.

என் இடுப்பில் கட்டியிருக்கும் துக்கப் பாயைப் பார்த்துவிட்டு வாசலிலேயே சிலர் பேசிக்கொண்டீர்கள். என் காதில் விழுந்தது. "மெலெனைதேவுக்கும் லொபெத்திக்கும் என்ன உறவு? இவ்வளவு பெரிய கிழிஞ்ச பாயைக் கட்டிக்கிட்டு வந்திருக்கா? சொந்தக்காரங்களே சின்னதாத்தான் கட்டியிருக்காங்க!" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சாவு வீட்டில் உறவைப் பொறுத்து யார் எந்தப் பாய் கட்டுவது என்பதில் நம் தீவில் யாரும் விளையாடுவதில்லை.

சொல்கிறேன். எனக்கும் லொபெத்திக்கும் ரத்த உறவு இல்லை. அவர் செய்த ஒரு தவறால் என் கணவர் கெப்பு செத்துப் போனார். அதுதான் எங்கள் உறவு. அந்த உறவில் நான் இந்தப் பாயைக் கட்டியிருக்கிறேன். இதைவிடப் பெரிய பாய் கிடைத்திருந்தால் அதைக் கட்டியிருப்பேன்.

லவினியா, தலையைத் தூக்கு. நான் உன் புருஷனைக் குறை சொல்ல வரவில்லை. இந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லாத அளவுக்கு அவரைப் புகழ வந்திருக்கிறேன். இன்னொன்றும் கேட்க வந்திருக்கிறேன். கேட்காமல் போனால் எனக்குத் தூக்கம் கிடையாது.

மேடை என்பதால் அவர், இவர் என்கிறேன். என் வீட்டுத் திண்ணைக்கும் அதட்டலுக்கும் அவன் தம்பிதான். 'அவன்' என்றே சொல்லிக்கொள்கிறேன். லூபே அத்தை தலையாட்டிவிட்டார். நன்றி.

லொபெத்தி மனாசே யார்? இந்தத் தீவில் பிறந்தவன். வெளிநாட்டுக்குப் போய்க் கணக்கும் கணினியும் படித்தவன். அங்கேயே இருந்திருக்கலாம். பெரிய வீடு, பெரிய கார், குளிர் நாட்டு ஆப்பிள்! எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, தகரக் கூரை போட்ட அலை அலுவலகத்தில், உப்புக் காற்றில் துருவேறும் ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். எதற்கு? நாளைக்கு அலை எப்படி இருக்கும் என்று இன்றைக்கே சொல்வதற்கு! அதற்கு முன்னால் நமக்கு யார் சொன்னார்கள்? பெரிய தீவுக்காரர்கள் பெரிய தீவுக்குச் சொல்வதை நாமும் கேட்டுக்கொண்டோம். கடலுக்குள் கல்லாய்க் கிடக்கும் நம் தெற்குப் பாரையும், அதில் படகு போகும் அந்தக் குறுகிய வாயையும் யார் கணக்கில் எடுத்தார்கள்? லொபெத்தி எடுத்தான்!

முதலில் நாம் அவனை என்ன பாடு படுத்தினோம்! கெப்புதான் அதில் தலைவர். கவா வேர்ச்சாறு குடிக்கும் வட்டத்தில் லொபெத்தி வந்து உட்கார்ந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"டேய் லொபெத்தி, உன் மெஷினுக்கு நீச்சல் தெரியுமாடா?"

"தெரியாதுண்ணே. அதுக்குக் கால் இல்ல."

"காலில்லாததுதான் எங்களுக்குக் கடல் சொல்லுதா? எங்கப்பன் வாசனை பிடிச்சே சொல்வாரு, நாளைக்கு அலையா இல்லையான்னு."

"உங்கப்பா மூக்கு உங்களுக்கு வந்திருந்தா நான் எதுக்குண்ணே வேலைக்கு வர்றேன்? வீட்டுலயே தூங்கியிருப்பேன்."

வட்டமே சிரிக்கும். கெப்புதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். கிண்டல் செய்வார், ஆனால் சாயங்காலம் வானொலியில் லொபெத்தியின் அலைச் செய்தி வரும்போது "பேசாதீங்க, பேசாதீங்க" என்று எங்களை அடக்கிவிட்டுக் காதை ஒட்டி வைத்துக் கேட்பார். நம்பினார். அவனை நம்பித்தான் போனார்.

இனி நான் சொல்லப் போவது எனக்கே பாதிதான் புரிந்தது. லொபெத்தி எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். தப்பு இருந்தால் அனசெய்னி திருத்தட்டும். அனசெய்னியைத் தெரியும்தானே? அலுவலகத்தில் லொபெத்தியோடு வேலை பார்த்த பெண். இப்போது அவன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பவள்.

அலையைக் கணக்குப் போடும் நிரல் நம்முடையது இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. அது அப்படியே வந்து ஓடாது. எந்தக் கணினியில் ஓட வேண்டுமோ அந்தக் கணினியிலேயே அதைக் கட்ட வேண்டும். கட்டும்போது அது துணை கேட்கும். வேறு ஆட்கள் எழுதிய துணை நிரல்கள். லைப்ரரி என்பார்கள். சில துணைகள் கட்டாயம். அவை இல்லாமல் கட்டவே முடியாது. சில துணைகள் நம் விருப்பம். இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

பார் எங்கே மேடு, எங்கே பள்ளம், வாய் எவ்வளவு அகலம், தூரத்துக் கடலில் இருந்து வரும் நீள அலை அந்த மேட்டில் ஏறினால் எவ்வளவு உயரம் எழும்பும், இதையெல்லாம் கணக்குப் போடும் துணை இருக்கிறதே, அது விருப்பம்! ஏன்? எழுதியவர்கள் ஊரில் மணல் கரைதான். பார் இல்லாத ஊருக்குப் பார்க் கணக்கு எதற்கு? அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர்கள் நல்ல மனதோடுதான் எழுதினார்கள். அவர்களுக்கு விருப்பம், நமக்கு உயிர்!

கட்டும்போது கணினி ஒவ்வொரு துணையாகத் தேடும். "இருக்கிறது", "இருக்கிறது", "இல்லை", "இருக்கிறது" என்று வரி வரியாகத் திரையில் ஓடும். ஆற்று வெள்ளம் மாதிரி ஓடுமாம். கடைசியில் "எல்லாம் முடிந்தது" என்று நிற்கும். அந்தத் தொழில்காரர்கள் எல்லாருமே கடைசி வரியைத்தான் பார்ப்பார்களாம். நடுவில் ஓடுவதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

ஒரு முறை கணினியைப் புதுப்பித்தார்கள். அப்போது பார்த் துணை இருந்த இடம் மாறிவிட்டது. லொபெத்தி அலை நிரலைத் திரும்பக் கட்டினான். கணினி பழைய இடத்தில் போய்த் தேடியது. கிடைக்கவில்லை. "இல்லை" என்று ஒரே ஒரு வரி ஓடியது. விருப்பத் துணைதானே, நிற்காமல் மேலே போய்விட்டது. கடைசியில் "எல்லாம் முடிந்தது." லொபெத்தி எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

அதற்குப் பிறகு நம் வானொலியில் வந்த அலை எல்லாம் பார் இல்லாத கடலின் அலை. நமக்குத் தெரியுமா? அவனுக்கே தெரியாது. எண்கள் வந்தன. படம் வந்தது. எல்லாம் அழகாகவே இருந்தது!

கெப்பு பாருக்கு அப்பால் இருக்கும் சின்னத் தீவுக்குக் கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். வானொலி "வாயில் அலை குறைவு" என்றது. உள்கடலில் நின்று பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. நீள அலை அப்படித்தான். மேட்டில் ஏறும் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது தலைக்கு மேலே இருக்கும்.

அந்தக் கதையை நான் மேலே சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில் நிற்பவர்களில் பலர்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். உங்களுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து நாங்கள் வெள்ளைக் கல் பரப்பிவிட்டு வந்த பிறகு, ஒரு மத்தியானம் லொபெத்தி என் முற்றத்தில் வந்து உட்கார்ந்தான். கிழிந்த பாய் கட்டியிருந்தான். கழுத்தில் இஃபி மரத்து இலைகளைக் கோத்துப் போட்டிருந்தான். அந்த மாலையை யார் எப்போது போடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடா இது? யாருகிட்ட மன்னிப்புக் கேக்க இந்த மாலை?"

"உங்ககிட்டதான்க்கா."

"எதுக்கு?"

"கெப்பு அண்ணன வாய்க்குள்ள அனுப்பினது நான்தான். என் மெஷின்ல பார் இல்ல. பாரே இல்லாத கடலத்தான் நான் ரேடியோவுக்குக் குடுத்திருக்கேன்."

"பார் இல்லாம எப்படிடா போகும்? கண்ணு முன்னாடி கல்லாக் கெடக்குதே!"

"வெளிய கெடக்குதுக்கா. உள்ள இல்ல. நான் கட்டும்போது அதோட துணை கெடைக்கல. கெடைக்கலன்னு ஒரு வரி வந்திருக்கு. நான் பாக்கல."

"கெடைக்கலன்னா நின்னிருக்கணும்ல? அடுப்புல விறகு இல்லன்னா சோறு வேகுமா?"

"இது வேகும்க்கா. இல்லன்னாலும் வேகும். பாத்தா நல்லா வெந்த மாதிரியே இருக்கும்."

அவையோரே, யாராவது அவனை அனுப்பினார்களா? இல்லை! யாராவது கண்டுபிடித்தார்களா? இல்லை! கடலில் போனவன் செத்தான், கடல் கொண்டுபோனது என்று ஊரே முடித்துவிட்டது. நானும் கடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்று வரைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவனாகத் தேடினான், அவனாகக் கண்டுபிடித்தான், அவனாக மாலை கட்டிக்கொண்டு வந்தான். படித்தவர்களில் இப்படி ஒருவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? படிக்காதவர்களிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அன்று அவனை என்னென்னவோ சொன்னேன். கோயில் கூடத்தில் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை அவை. மாலையை நான் கழற்றவில்லை. மன்னித்தால்தான் கழற்ற வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவன் நகரவே இல்லை. கடைசியில் லவினியா வந்து கூட்டிக்கொண்டு போனாள். மாலையோடேயே போனான்.

பிறகு என்ன செய்தான் தெரியுமா? இரண்டு காரியம் செய்தான்.

பார்த் துணை விருப்பம் என்று எழுதியிருந்த இடத்தில், நம் அலுவலகத்தில் மட்டும், அது கட்டாயம் என்று மாற்றினான். எங்கே இருக்கிறது என்று கணினியைத் தேட விடாமல், இன்ன இடம் என்று அவனே விலாசம் கொடுத்தான். அந்த விலாசத்தில் இல்லையா, அதற்கு மேலே ஒரு அடி போகக் கூடாது. நின்று கத்த வேண்டும்.

அடுத்தது, கெப்பு செத்த அந்த நாள். அன்றைக்கு இருந்த காற்று, தூரத்துக் கடலின் அலை, நிலா, ஓதம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்தான். நிரலை எப்போது கட்டினாலும் முதலில் அந்த நாளைத்தான் அதில் ஓட்டிப் பார்ப்பான். வாயில் அந்த அலை எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால், நிரல் எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி, தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டுவான். அந்தச் சோதனைக்கு அவன் வைத்த பெயர் 'கெப்பு'.

முதல் முறை அதைச் செய்துவிட்டு, கணினியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். திரையில் நம் தீவு. உள்கடல் நீலம். பார் பச்சை. வாய் மட்டும் சிவப்பு, ரத்தச் சிவப்பு.

"இதாங்க்கா அந்த அலை. இப்போ மெஷினுக்குத் தெரியுது" என்றான்.

கணினி எழுத்து படிக்கத் தெரியாதவளுக்கும் அந்தச் சிவப்பு தெரிந்தது. கடல் கொண்டுபோனது, கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்று ஆயிரம் பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர்கூட "ஆமாம், அன்றைக்கு அங்கே இவ்வளவு பெரிய அலை இருந்தது" என்று சொல்லவில்லை. அவன் சொன்னான். காட்டினான். அன்றுதான் "போய் அந்த மாலைய எடுத்துட்டு வாடா" என்றேன். காய்ந்து சருகாகிப்போன மாலையைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். நான் கழற்றினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நிரலைக் கட்டும்போதும் எனக்கு ஃபோன் வரும். "அக்கா, கெப்பு அண்ணன் நாளை ஓட்டினேன். அலை வந்துச்சு." அவ்வளவுதான். நானும் "சரிப்பா, சாப்பிட்டியா?" என்பேன். வேறு எதுவும் பேச மாட்டோம். என் கணவர் இறந்த நாளை இந்த உலகத்தில் என்னோடு சேர்ந்து நினைவு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

நின்று கத்த வேண்டும் என்று வைத்தானே, அதனால் அவன் வாங்கிய வசவு கொஞ்சமா? ஊர் அதிகாரி மகள் கல்யாணத்துக்கு எல்லாருமாகச் சின்னத் தீவுக்குப் போக வேண்டிய வாரம் ஞாபகம் இருக்கிறதா? கணினியில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள், நிரலைக் கட்ட முடியவில்லை, நின்றுவிட்டது. வானொலியில் "இன்றைக்குப் பார்க் கணக்கு இல்லை, வாயைப் பற்றி எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல வைத்தான். மாப்பிள்ளை வீட்டார் அலுவலகத்துக்கே போய்விட்டார்கள்.

"ஏன்யா, தெரியாதுன்னு சொல்லறதுக்கு ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு ஃபேன் வேற!"

"ஃபேன் மெஷினுக்குங்க. எனக்கு இல்ல."

"பன்னி வெட்டியாச்சுய்யா! இருநூறு பேரு காத்திருக்காங்க!"

"பன்னி செத்தது செத்ததுதாங்க. மத்தவங்க இருக்கட்டுமே. தெரியலன்னு சொல்றதும் ஒரு சேதிதான். அதையும் நம்பிக் கேளுங்க."

கல்யாணம் தள்ளிப் போனது. பன்றியை இங்கேயே தின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை. அவன் கவலைப்பட்டானா? கவலைப்பட்டான். எல்லாரோடும் சிரித்துப் பேச ஆசைப்பட்டவன் அவன். ஆனால் மாற்றவில்லை. அன்பர்களே, மாற்றவில்லை!

சர்க்கரை அவன் காலைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தைத் தின்றது. பெரிய தீவு மருத்துவமனைக்குக் கொண்டுபோன அதே வாரம் அலுவலகத்தின் பழைய கணினியும் நின்றுவிட்டது. உள்ளே முழுக்க உப்பும் துருவும். புதுக் கணினி வந்தது. கட்ட வேண்டியவன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். அனசெய்னி ஃபோன் செய்தால் லவினியா அவன் காதில் வைப்பாள். அவன் வாய் அசையும். சத்தம் வராது. சொல்லத் தெரிந்தவனால் சொல்ல முடியவில்லை. அப்படியே போய்விட்டான்.

இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? சொல்லுங்கள், யார் இருக்கிறார்கள்?

புதுக் கணினியில் பார்த் துணை சேரவே மாட்டேன் என்கிறது. அனசெய்னி அந்தத் துணையைப் பிரித்துக் கட்டுகிறாள், திரும்பப் பிரிக்கிறாள், திரும்பக் கட்டுகிறாள். கணினி புதுசு, துணை பழசு, இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை என்கிறாள். வெளிநாட்டில் நிரலை எழுதியவர்களுக்கு எழுதிக் கேட்டாள். அந்தத் துணையை எழுதியவர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டாராம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அது தூங்கிய முகமா?

தென்கடலில் இருந்து நீள அலை வரும் மாதங்கள் இவை. வானொலியில் அலைச் செய்தி நின்றுபோய்விட்டது. படகுக்காரர்கள் குத்துமதிப்பில் போகிறார்கள். சின்னத் தீவுப் பிள்ளைகள் வாய் வழியாகத்தான் பள்ளிக்கூடம் வர வேண்டும். என் படகில்தான் வருகிறார்கள்.

இந்த நிலைமையில்தான் முந்தாநாள் நடந்தது. அடுப்படியில் நான் சேம்பங்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஹெனெலி அவர்கள் அங்கே வந்து அனசெய்னியோடு பேசினார். ஹெனெலி தம்பி, எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். நான் உங்களை அவமானப்படுத்த மாட்டேன். நீங்கள் பேசியதைப் பேசியபடியே சொல்கிறேன்.

"அனசெய்னி, அந்தத் துணைய எடுத்துட்டுக் கட்டினா ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா கெப்பு சோதனைல நிக்குது. அலை வரல."

"அப்ப அந்தச் சோதனையையும் எடுத்துடுமா. ஜனங்க ஏதாவது சேதி வேணும்னு கேக்கறாங்க. ஒண்ணுமில்லாததுக்கு ஏதோ ஒண்ணு. அப்புறமாச் சேத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போ சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார். அதையும் நான் சொல்ல வேண்டும். தம்பி, நீங்கள் கெட்டவர் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் நாங்கள்தானே தினமும் வந்து "அலை எங்கே, அலை எங்கே" என்று நிற்கிறோம்? நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் உங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். திங்கட்கிழமை வானொலியில் திரும்பச் செய்தி வரும் என்று அறிவித்துவிட்டீர்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் அறிவித்தீர்கள்.

நேற்று அனசெய்னி என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுடி."

"துணை இல்லாமக் கட்டி, கெப்பு மாமா நாளை ஓட்டினேன். கடல் அமைதியா இருக்குத்தை. வாய்ல ஒண்ணுமே இல்ல. மாமா தாண்டிப் போயிட்டு… மத்தியானத்துக்குத் திரும்பி வந்திருப்பாரு."

"காட்டு."

"வேணாம்த்தை."

"காட்டுடின்னு சொல்றேன்ல!"

காட்டினாள். நீலம். உள்கடலும் நீலம், வாயும் நீலம், வெளிக்கடலும் நீலம். பாரின் பச்சைகூட இல்லை. ஒரு கீறல் இல்லாத நீலம். அந்த நீலத்தில் போயிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார். கிழங்கை இறக்கிவிட்டு, சின்னத் தீவில் இரண்டு கிண்ணம் கவா குடித்துவிட்டு, வாயில் பாட்டோடு வந்து "சோத்தப் போடு" என்றிருப்பார். நான் அந்தத் திரையில் விரலை வைத்தேன். வாய் இருக்கும் இடத்தில் வைத்தேன். எடுக்க மனசு வரவில்லை. கடவுளே, எடுக்க மனசே வரவில்லை! இத்தனை வருஷத்தில் யாராலும் எனக்குக் கொடுக்க முடியாத ஒன்றை அந்தக் கணினி கொடுத்தது. என் புருஷனைக் கரை சேர்த்துக் கொடுத்தது.

பொய் சொல்லிக் கொடுத்தது.

அவையோரே, இந்தக் கூடத்தில் அந்த நீலம் உண்மையாக இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் எழுந்து நில்லுங்கள்! நான்தான் சொல்கிறேன், அந்த நீலம் வேண்டாம். திங்கட்கிழமை அந்த நீலம் வானொலியில் வந்தால், அதை நம்பி யார் போவார்கள்? கடைசி வரிசையே, நீங்கள்தான் போவீர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் போவேன்.

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று என்றீர்கள், தம்பி. ஒன்றுமில்லை என்றால் நாங்கள் பயப்படுவோம். பயந்தால் வாயருகே நின்று பார்ப்போம், காத்திருப்போம், திரும்பி வருவோம். நீலத்தைக் காட்டினால் எதற்குப் பயப்படுவோம்? கெப்பு பயப்படவில்லையே!

பெரிய தீவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களே, உங்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பதாக அனசெய்னி சொன்னாள். கப்பல் நாளைக்குத்தான் கிளம்புகிறது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மலர்வளையம் வைத்ததோடு, இந்தச் சாப்பாடு முடிந்ததும் போய்விடாதீர்கள். அந்தப் பெண்ணோடு போய் உட்காருங்கள். உங்களாலும் முடியாவிட்டால், முடிகிறவர்கள் யார் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அவள் ஒருத்தி தோளில் இதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லொபெத்தியின் தோளில் வைத்தோம், அவன் போய்விட்டான்.

இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவன் பணி தெரியாது. துணை சேர்க்கத் தெரியாது, விலாசம் கொடுக்கத் தெரியாது. அந்தத் திரையில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு நிறம்தான். அதை வைத்து உறுதி சொல்கிறேன்.

அனசெய்னி, நீ எத்தனை முறை கட்டினாலும் என்னைக் கூப்பிடு. வந்து பக்கத்தில் உட்காருவேன். கெப்பு நாளை ஓட்டு. வாய் சிவந்தால் எழுந்து போய் வானொலிக்குச் சொல். சிவக்காவிட்டால் வானொலியில் 'தெரியாது' என்று சொல். உன் தலைவர் திட்டினால் என் பெயரைச் சொல். மாப்பிள்ளை வீட்டார் திட்டினாலும் என் பெயரைச் சொல். அதுவரைக்கும் என் இரண்டு படகும் வாயைத் தாண்டாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர முடியாது, எனக்குத் தெரியும். அம்மாமார்கள் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிசையே, உங்கள் படகை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கெஞ்சத்தான் முடியும். கெஞ்சுகிறேன்.

லொபெத்தி, தம்பி, என் புருஷனை நீ கொன்றாய், பிறகு வாழ்நாள் முழுக்க அவர் செத்ததை மறைக்க மறுத்தாய். அதற்குத்தான் இந்தப் பாய்.

ஹெனெலி தம்பி, கடைசியாக ஒன்று. அந்தக் கணினிக்குள் கெப்பு ஒவ்வொரு முறையும் மூழ்கட்டும். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்காக இரக்கப்பட்டு அவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.